எலியில் வலியும் அரிப்பும் அளப்பது எப்படி? மலையக ஆய்வுகூடங்களுக்கான முழுமையான வழிகாட்டி

அட்டைக்கடிக்கு அப்பாயி தடவிய இலை, மூட்டுவலிக்குத் தோட்டத்தில் காய்ச்சும் எண்ணெய், இப்படி ஏதாவது ஒன்று உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் ஆசையோடு வருகிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். சறுக்குவது ஊசி போடும் இடத்தில் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு வெகு முன்பே, அறையிலும் கூண்டிலும் சறுக்கிவிடுகிறார்கள். கண்டி, பேராதனை, நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் வேலை செய்பவர்களுக்குக் குளிரும் பனிமூட்டமும் சேர்ந்து சில தனிப் பிரச்சினைகளைத் தருகின்றன. வெளிநாட்டுச் செய்முறைக் குறிப்புகளில் அவற்றுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் அளவீட்டுக்கு முந்தைய படிகளுக்குத்தான் அதிக இடம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். எலியின் வலியை யாரும் நேராக அளப்பதில்லை. கால் இழுப்பது, நக்குவது, துடைப்பது, சொறிவது ஆகிய நடத்தைகளைத்தான் எண்ணுகிறோம். அந்த நடத்தையை வேறு எதுவும் மாற்றவில்லை என்று காட்டுவதே வேலையின் முக்கால் பங்கு.

1. எந்த வலி, எந்த அரிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"வலிநிவாரணியா என்று பார்க்கிறோம்" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. சூடு பட்டதும் வரும் வலி, வீக்கத்தோடு வரும் வலி, நரம்பு நசுங்கியதால் வரும் வலி மூன்றுக்கும் வழிகள் வேறு. ஒரு சோதனையில் தோற்கும் மருந்து இன்னொன்றில் நன்றாக நிற்கும்.

எடுத்துக்காட்டு: டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து வீக்கத்தில் உருவாகும் புரொஸ்டாகிளாண்டின் என்ற வலியைக் கூட்டும் பொருட்களைக் குறைக்கிறது. வீக்கமே இல்லாத பாதத்தைச் சூடான தட்டில் வைத்தால் அதற்கு அங்கே பெரிதாக வேலையில்லை. மோர்ஃபின் முண்ணாணிலும் மூளையிலும் வேலை செய்வதால் சூடான தட்டில் தெளிவாகத் தெரியும். உங்கள் இலை வீக்கத்தைக் குறைக்கும் வகை என்று சந்தேகித்தால், சூடான தட்டை மட்டும் வைத்துக்கொண்டு "பயனில்லை" என்று எழுதுவது அந்த இலைக்குச் செய்யும் அநியாயம்.

அரிப்பிலும் இப்படித்தான். ஹிஸ்டமின் வழி ஒன்று. ஹிஸ்டமின் இல்லாத வழிகள் பல. மலேரியா மருந்தான குளோரோகுயின் எம்ஆர்ஜி என்ற ஏற்பிக் குடும்பத்தின் வழியாக நேரே நரம்பைத் தூண்டி அரிப்பு உண்டாக்குகிறது. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து அதைத் தொடுவதே இல்லை. ஈரல், சிறுநீரக நோயாளிகளின் அரிப்புக்கும் அந்த மருந்துகள் பெரும்பாலும் உதவுவதில்லை. ஆகவே ஹிஸ்டமின் அரிப்பில் மட்டும் சோதித்துவிட்டு "அரிப்பைத் தீர்க்கும்" என்று எழுதிவிடாதீர்கள்.

அசற்றிக் அமிலத்தை வயிற்றுக்குள் ஏற்றி எலி நெளிவதை எண்ணும் சோதனை மலிவானது என்பதால் பலரும் அதற்கே ஓடுகிறார்கள். தசையைத் தளர்த்தும் மருந்தும் தூக்கம் வரவைக்கும் மருந்தும்கூட அதில் வலிநிவாரணி போலத் தெரியும். அதை மட்டும் நம்பி ஓர் ஆய்வைக் கட்டாதீர்கள்.

2. ஒப்புதல், பிறகு விலங்கு

ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதல் எழுத்தில் கைக்கு வரும்வரை விலங்குக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். கேட்கப்படப்போகும் கேள்விகள் தெரிந்தவைதான்: விலங்கு இல்லாமல் முடியாதா, எண்ணிக்கையைக் குறைக்க முடியாதா, வேதனையைக் குறைக்க என்ன ஏற்பாடு. மூன்றாவதற்குப் பலர் ஒரே வரியில் பதில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் உச்ச நேரம் (பதில் வராவிட்டாலும் சோதனையை நிறுத்தும் நேரம்) என்ன, விலங்கு எந்த நிலைக்கு வந்தால் ஆய்விலிருந்து எடுக்கப்படும், அந்த முடிவை யார் எடுப்பார் என்று எழுதுங்கள்.

மோர்ஃபின் ஒப்பீட்டு மருந்தாக வேண்டுமானால் அதற்கான அனுமதியையும் இப்போதே தொடங்குங்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் கடிதங்கள் நகர நாளாகும். எலிகள் வந்து சேர்ந்த பிறகு மருந்துக்காகக் காத்திருந்தால் எலிகள் வளர்ந்து எடை மாறிவிடும்.

நம் நாட்டில் ஆய்வு எலிகள் பலருக்கும் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலிருந்து வருகின்றன. கடல்மட்டத்துச் சூட்டிலிருந்து மலையேறி, வாகனக் குலுக்கலில் வந்து இறங்கும் எலியை மறுநாளே தட்டில் வைக்கக்கூடாது. குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்.

பாதத்தை இழையால் குத்தும் சோதனைக்குப் பெரிய எலி (விஸ்டார்) வசதி. அரிப்புக்குச் சுண்டெலி. சுண்டெலியில் இனவகை முக்கியம்: ஹிஸ்டமினுக்கு ஓர் இனவகை நன்றாகச் சொறியும், இன்னொன்று அசட்டையாக இருக்கும். எனவே வேறோர் இனவகையில் செய்த ஆய்வின் அளவை அப்படியே எடுத்துப் போடாமல் முன்னோட்டம் பாருங்கள்.

ஆண், பெண் இரண்டையும் எடுங்கள். நரம்புக் காயத்துக்குப் பின் வரும் வலியை முண்ணாணில் தக்கவைக்கும் உயிரணுக்களே இரு பாலிலும் வேறுபடுகின்றன என்று சுண்டெலி ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆணில் மட்டும் பார்த்துவிட்டு, முடிவைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பொருத்திப் பேசுவது சரியில்லை.

3. அறையைத் தயார் செய்யுங்கள்

அவசரப்பட்டுத் தாண்டிவிடும் படி இதுதான். நான் பார்த்த விசித்திரமான முடிவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறந்தன.

வெப்பநிலை. எலி தன் உடற்சூட்டை வெளியேற்றும் முக்கிய வழிகளில் ஒன்று வால். அறை குளிர்ந்தால் வாலின் இரத்தக்குழாய்கள் சுருங்கும், தோல் குளிரும். வால் அசைவுச் சோதனையில் குளிர்ந்த தோலை விளக்கொளியால் சுடும்போது வலி தொடங்கும் சூட்டுக்கு அது ஏற நேரம் எடுக்கும். வால் தாமதமாக அசையும். தாளில் பார்த்தால் மருந்து வேலை செய்தது போலவே இருக்கும்! நுவரெலியாவில் காலை எட்டு மணிக்கு ஒரு குழுவையும் பிற்பகலில் இன்னொரு குழுவையும் அளந்தால் கிடைப்பது மருந்தின் வித்தியாசமா, வெயிலின் வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அறையை 22 முதல் 24 பாகை செல்சியஸில் வையுங்கள். உச்சத்தையும் தாழ்வையும் பதியும் வெப்பமானி ஒன்றைக் கூண்டின் உயரத்தில் மாட்டுங்கள். சுவரில் ஆள் உயரத்தில் மாட்டியது எலி உணரும் சூட்டைக் காட்டாது. காற்று ஊதும் ஹீட்டர் வேண்டாம். அது போடும் இரைச்சலில் நம் காதுக்கு எட்டாத ஒலிகளும் இருக்கலாம், அவை எலிக்குக் கேட்கும். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் அமைதியானது. முந்தைய இரவே போட்டு வையுங்கள்.

ஈரப்பதம். குத்திப் பார்க்கும் வொன் ஃப்ரே இழைகள் நைலோன். நைலோன் ஈரத்தை உறிஞ்சி மென்மையாகும். குறைந்த விசையிலேயே வளைந்துவிடும். மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே நுழையும் மாதங்களில் 2 கிராம் என்று எழுதிய இழை 2 கிராம் தராது. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் இழையைத் தராசுத் தட்டில் வளையும்வரை அழுத்தி எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். இழைப்பெட்டியைச் சிலிக்கா பையோடு மூடி வைத்தால் மட்டும் போதாது, பெட்டியைத் திறந்ததும் மறுபடி உறிஞ்சத் தொடங்கும். அறையின் ஈரப்பதத்தையே கட்டுப்படுத்தவேண்டும்.

வெளிச்சம். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருள். கரண்ட் போய் வந்தால் சுழலும் டைமர் அந்த நேரம் பின்தங்கிவிடும். இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு உங்கள் எலிகளுக்கு விடிவது இரண்டு மணி நேரம் பிந்தியே. வலி உணர்வும் சொறிதலும் நாளின் நேரத்தைப் பொறுத்து மாறுபவை. மின்வெட்டு நடந்த ஒவ்வொரு முறையும் டைமரைப் பாருங்கள். பற்றரி உள்ள டைமர் வாங்க முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வாசனை. குளிருக்கும் தலையிடிக்கும் தைலம் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். ஆய்வு நாளில் வேண்டாம். தைலத்தின் மெந்தோல் குளிரை உணரும் நரம்பு வாயிலை நேரே திறக்கிறது. விரலில் ஒட்டிய துளி எலியின் பாதத்தில் பட்டால் நீங்கள் அளப்பது உங்கள் தைலத்தை. இன்னொரு சங்கதி: ஆண் ஆய்வாளரின் உடல் வாசனைகூட எலிகளில் பதற்றத்தைக் கூட்டி வலியுணர்வைத் தற்காலிகமாக மழுங்கடிக்கிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்காகத் தம்பிமாரை வெளியே அனுப்பவேண்டியதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள் அளக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு குழுவை நீங்களும் மறு குழுவை நண்பரும் அளப்பதுதான் ஆபத்து.

4. எலியைப் பழக்குங்கள்

பயந்த எலிக்கு வலி குறைவாகத் தெரியும். பயத்தில் உடல் தன் சொந்த ஓபியோயிட்களை (மோர்ஃபின் போன்ற பொருட்களை) சுரப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே பழக்காத எலியில் எடுத்த அடிநிலை அளவு, அதாவது மருந்துக்கு முந்தைய அளவு, மேலே நிற்கும். பிறகு பழகப் பழக இறங்கும். அந்த இறக்கத்தை "மருந்து வலியைக் கூட்டியது" என்று படித்தவர்களும் உண்டு.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். குழாயில் நுழையவிட்டோ இரு உள்ளங்கையைக் குவித்தோ தூக்குங்கள். பதற்றம் கண்ணுக்குத் தெரியக் குறையும். சில நாட்கள் வெறுமனே கையில் எடுத்து விடுங்கள். பின்னர் சோதனை நடக்கும் அதே கம்பிவலை மேடையில், அதே பெட்டிக்குள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள்.

பழகியதற்கு அடையாளம்: உள்ளே போனதும் மோந்து திரியும், பிறகு முகம் கழுவும், பிறகு நான்கு காலும் ஊன்றி அமரும். அந்த மூன்றாவது கட்டம் வருமுன் இழையை எடுத்தால், நடப்பதற்காகத் தூக்கிய காலை வலியால் இழுத்த கால் என்று எண்ணிவிடுவீர்கள்.

அடிநிலை அளவை வெவ்வேறு நாட்களில் எடுத்து, நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த படி.

5. குலுக்கல், மறைப்பு, கரைப்பான்

எந்த எலிக்கு எது என்பதைக் குலுக்கலில் தீர்மானியுங்கள். "முதலில் கைக்கு வந்த ஆறு எலி கட்டுப்பாட்டுக் குழு" என்பது குலுக்கல் அல்ல. முதலில் கைக்கு அகப்படுவது மந்தமான எலி.

அளப்பவருக்குக் குழு தெரியக்கூடாது. சொறிதலை எண்ணுவதில் மனம் எளிதில் சாயும். இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று: இலைச்சாறு பச்சையாக இருக்கும், கட்டுப்பாட்டுத் திரவம் தண்ணீர் போல இருக்கும். ஆகவே ஊசி போடுபவர் வேறு, எண்ணுபவர் வேறு என்று பிரியுங்கள். குறியீட்டுத் தாள் மேற்பார்வையாளரின் மேசையில் இருக்கட்டும்.

கரைப்பானைத் தனியாகச் சோதியுங்கள். மதுசாரம் கலந்த கரைப்பான் தோலுக்குள் போனால் எரியும். சாற்றின் அமிலத்தன்மையையும் அளந்து நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அரிப்புப் பகுதிக்கு வரும்போது தெரியும்.

6. சூட்டுச் சோதனைகள்

சூடான தட்டை 52 முதல் 55 பாகைக்குள் ஒரே அளவில் வையுங்கள். சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற வாயில் ஏறத்தாழ 43 பாகையில் திறக்கத் தொடங்குகிறது. தட்டு அதற்கு மேலே நிற்கிறது. கருவியின் திரையை நம்பாமல், தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் மேற்பரப்பு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். பழைய தட்டுகளில் மூலை குளிர்ந்திருக்கும். எலி அதைக் கண்டுபிடித்து அங்கேயே நிற்கும்.

வெப்பமானியைக் கொதிநீரில் வைத்து 100 பாகை என்று சரிபார்ப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மலையில் அது செல்லாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். கண்டியில் ஏறத்தாழ 98. உருகும் பனிக்கட்டி நீரில் பூச்சியத்தைச் சரிபாருங்கள். மேல் எல்லைக்கு, சரிபார்க்கப்பட்ட இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிடுங்கள்.

எதை எண்ணுவது? பின்னங்காலை நக்குவது, உதறுவது, குதிப்பது. முன்னங்காலை நக்குவதை எண்ணாதீர்கள். எலி சும்மா இருக்கும்போதும் அதைச் செய்யும்.

உச்ச நேரம் 55 பாகையில் 20 முதல் 30 செக்கன்களுக்குள் ஒன்று. அந்த நேரம் வந்ததும், பதில் வந்தாலும் வராவிட்டாலும், எலியை எடுத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றால் பாதம் பொசுங்கும். பிறகு அந்த எலியில் அளப்பது எல்லாம் புண்ணின் வலி.

வால் அசைவுச் சோதனையில் ஒளியின் கடுமையைச் சரிசெய்து, மருந்தில்லா எலி 2 முதல் 4 செக்கன்களில் வாலை அசைக்கும்படி வையுங்கள். உச்ச நேரம் 10 செக்கன். வாலில் ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்பச் சுடாதீர்கள். முடிந்தால் ஒவ்வொரு அளவோடும் வால் தோலின் வெப்பநிலையையும் எழுதுங்கள். சாறு வாலின் இரத்தக்குழாயைச் சுருக்கும் வகையாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்த ஓர் எண் மட்டும்தான்.

7. இழையால் குத்தும் சோதனை

வீக்கத்துக்கோ நரம்புக் காயத்துக்கோ பிறகு, சாதாரணத் தொடுகையே வலிக்கும் நிலையை அளக்க இது. பெரிய எலிக்கு வழக்கமான வரிசை 0.4, 0.6, 1, 2, 4, 6, 8, 15 கிராம்.

நடுவிலுள்ள 2 கிராமில் தொடங்குங்கள். பின்பாதத்தின் நடுப்பகுதியில், மேட்டுச் சதைகளைத் தவிர்த்து, செங்குத்தாக வைத்து இழை சற்று வளையும்வரை அழுத்தி 6 முதல் 8 செக்கன் பிடியுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த கனமான இழை; பதில் வந்தால் அடுத்த மெல்லிய இழை. பதில் முதல்முறை மாறிய இடத்துக்குப் பிறகு இன்னும் நான்கு முறை இதே விதியில் தொடருங்கள். அந்த ஆம், இல்லை வரிசையிலிருந்துதான் பாதி முறை கால் இழுக்கவைக்கும் விசை, அதாவது வாசல் அளவு, கணக்கிடப்படுகிறது. இந்த முறையில் எல்லா இழையாலும் பத்துப் பத்து முறை குத்தவேண்டியதில்லை. எலிக்கும் தொல்லை குறைவு, உங்கள் முதுகுக்கும்.

புதியவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. இழையை இழுத்துத் தேய்ப்பது ஒன்று. அது கூச்சம், குத்தல் அல்ல. இழையை எடுக்கும் கணத்தில் வரும் இழுப்பைப் பதிலாக எண்ணுவதா இல்லையா என்று முன்பே முடிவுசெய்யாமல் ஆளுக்கு ஒரு விதமாக எண்ணுவது மற்றொன்று. எண்ணுவதே வழக்கம், முடிவை எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

இழைகளின் விசை பெருக்கல் முறையில் ஏறுகிறது. ஆகவே வாசல் அளவுகளை மடக்கையாக மாற்றிய பின் சராசரி எடுங்கள். நேராகச் சராசரி எடுத்தால் 15 கிராமில் நிற்கும் ஓர் எலி முழுக் குழுவையும் தூக்கிவிடும்.

8. ஃபோமலின் சோதனை, சுருக்கமாக

சுண்டெலியின் பின்பாதத்தில் 20 மைக்ரோலீட்டர். முதல் ஐந்து முதல் பத்து நிமிடம் முதற்கட்டம்: நரம்பு நேராகத் தூண்டப்படுவது. சற்று ஓய்வு. ஏறத்தாழ பதினைந்தாம் நிமிடத்திலிருந்து இரண்டாம் கட்டம்: வீக்கமும் முண்ணாணின் உணர்வேற்றமும். டைக்ளோஃபெனாக் வகை இரண்டாம் கட்டத்தில்தான் தெரியும். மோர்ஃபின் இரண்டையும் அடக்கும்.

கலக்கும்போது கவனம். போத்தலில் வரும் ஃபோமலின் என்பது ஏறத்தாழ 37 சதவீத ஃபோமல்டிஹைட் கரைசல். "5 சதவீத ஃபோமலின்" என்றால் ஃபோமல்டிஹைட் 1.85 சதவீதம்தான். ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றதையும் எழுதினால் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரும். குளிர்ந்த அறையில் இரண்டாம் கட்டம் மங்கிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

9. அரிப்பு: கழுத்தா, கன்னமா?

வழக்கமாகப் பிடரியில் ஊசி போட்டுச் சொறிதலை எண்ணுவார்கள். எளிது. ஆனால் பிடரியை எலியால் பின்னங்காலால் மட்டுமே எட்ட முடியும். வலித்தாலும் அதே கால், அரித்தாலும் அதே கால். எது எது என்று பிரிக்க வழியில்லை.

கன்னத்தில் போடுங்கள். அரித்தால் சுண்டெலி பின்னங்காலால் சொறியும். வலித்தால் அதே பக்கத்து முன்னங்காலால் துடைக்கும். 2008இல் வெளியான இந்த முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. ஹிஸ்டமின் போட்டால் சொறிதல், மிளகாயின் கப்சைசின் போட்டால் துடைத்தல். இரண்டையும் ஒரே காணொளியில் எண்ணலாம்.

வரிசை இது. ஓரிரு நாள் முன்பே கன்னத்து மயிரை மழியுங்கள். மழித்த அன்றே போட்டால் மழித்த எரிச்சலையும் சேர்த்து எண்ணுவீர்கள். ஊசியின்றி வெறும் பெட்டிக்குள் பழக்குங்கள். அன்றைய தினம் 10 மைக்ரோலீட்டரைத் தோலுக்குள் போடுங்கள். சிறு கொப்புளம் எழவேண்டும். எழாவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது. அதைக் குறித்து வையுங்கள். உடனே பெட்டிக்குள் விட்டு, கமராவை ஓடவிட்டு, எல்லோரும் வெளியே வாருங்கள். அரை மணி நேரம் கதவைத் திறக்கக்கூடாது. ஆள் நின்றால் எலி உறையும். உறைந்த எலி சொறியாது.

எண்ணுவது காணொளியில், வேகத்தைக் குறைத்து. பின்னங்கால் தரையிலிருந்து எழுந்து, சொறிந்து, மறுபடி தரையையோ வாயையோ அடையும்வரை ஒரு தடவை. இரு முன்னங்காலாலும் முகம் கழுவுவது துடைத்தல் அல்ல. ஒற்றைக் காலால் ஒரு பக்கம் துடைப்பதே கணக்கு. குழு தெரியாத இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். முதல் நாளே இருவரின் எண்கள் ஒத்துப்போகாது. வரையறையைப் பேசித் தீர்த்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள்.

இப்போது கரைப்பானுக்கு வருவோம். வலி அரிப்பை அடக்கும். நாம் சொறிவதே அதற்குத்தானே. ஆகவே எரிச்சலூட்டும் சாறு ஒன்றைத் தடவினால் எலி சொறிவதை நிறுத்தும். பிடரியில் மட்டும் பார்த்தால் அருமையான அரிப்பு மருந்து கண்டுபிடித்ததாகத் தோன்றும். கன்னத்தில் பார்த்தால் சொறிதல் குறைந்து துடைத்தல் கூடியிருக்கும். குட்டு அங்கே உடையும். மறுபுறம், வலியை அடக்கும் மோர்ஃபின் அரிப்பைத் தூண்டக்கூடியது. வலிக்கு வைத்த ஒப்பீட்டு மருந்தை அப்படியே அரிப்புக்கும் வைக்காதீர்கள்.

அரிப்பூட்டிகளில் குறைந்தது இரண்டு வையுங்கள்: ஹிஸ்டமின் வழிக்கு ஹிஸ்டமினோ, உடலின் ஹிஸ்டமினை வெளிவிடச் செய்யும் கொம்பவுண்ட் 48/80யோ, மற்ற வழிக்குக் குளோரோகுயின். குளோரோகுயினைப் பிடரியில் போடுவதானால் 200 மைக்ரோகிராமை 50 மைக்ரோலீட்டரில் கரைப்பது வழக்கமான அளவு.

மூன்றாவதாக ஒன்று நம் வேலியோரத்திலேயே இருக்கிறது. பூனைக்காலிக் காயின் மயிர். அதன் அரிப்பு ஹிஸ்டமினால் வருவதல்ல. முக்குனெயின் என்ற புரதச்சிதைப்பு நொதி தோல் நரம்புகளின் ஏற்பிகளை வெட்டித் திறப்பதால் வருகிறது. நொதி என்பதால் சூட்டில் செயலிழக்கும்: ஓட்டோகிளேவில் (உயரழுத்த நீராவிக் கலத்தில்) வைத்த மயிர் குத்தும், ஆனால் அரிக்காது. இதைவிட நேர்த்தியான கட்டுப்பாடு எந்தக் கடையிலும் கிடைக்காது. கையாளும்போது ஜன்னலையும் மின்விசிறியையும் மூடி, கையுறை, முகக்கவசம், கண்ணாடியோடு வேலை செய்யுங்கள். தோலில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள்; ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து எடுங்கள்.

10. நிவாரணமா, மயக்கமா?

தூங்கும் எலி கால் இழுக்காது, சொறியாது. ஆகவே சாறு கொடுத்த எலியைச் சுழலும் தண்டில் நிற்கவைத்தும், திறந்த பெட்டியில் நடமாட்டத்தை அளந்தும் பாருங்கள். பயன் கிடைத்த அதே அளவில், அதே நேரத்தில் பார்க்கவேண்டும். வேறு எலிகளில் செய்வது நல்லது. பழைய வகை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் மயக்கத்தாலும் சொறிதலைக் குறைக்கும் என்பதால், ஒப்பீட்டுக்கு மயக்கம் குறைந்த புதிய வகையை எடுங்கள்.

சாறு ஓபியோயிட் வழியாக வேலை செய்கிறதா என்று அறிய, அந்த வழியை அடைக்கும் நலொக்சோன் என்ற மருந்தை முன்கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். வலிச் சோதனையில் அது பொருந்தும். அரிப்பில் நலொக்சோன் தானாகவே சொறிதலைக் குறைக்கக்கூடும். எனவே நலொக்சோன் மட்டும் பெறும் குழு ஒன்றும் வேண்டும்.

11. பதிவும் கணக்கும்

ஒவ்வொரு வரியிலும் எலியின் இலக்கம், நேரம், அறை வெப்பநிலை, ஈரப்பதம், அளந்தவர் பெயர் இருக்கட்டும். மின்வெட்டு நடந்திருந்தால் அதுவும்.

கணக்கில் ஓர் எலி ஒன்றுதான். இரண்டு பாதத்தையும் மும்மூன்று முறை அளந்து ஆறு எண் வந்தால் அது ஆறு எலி ஆகாது. சராசரி எடுத்து ஒன்றாக்குங்கள். எண்ணிக்கை போதுமா என்பதை முன்னோட்டத்தின் சிதறலை வைத்து முன்பே கணக்கிடுங்கள்; முடிவு பிடிக்கவில்லை என்று பாதியில் எலி சேர்க்காதீர்கள். எந்த எலியை விலக்குவது என்ற விதியும் குறியீட்டுத் தாளைத் திறக்குமுன் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

சூட்டுச் சோதனையின் எண்களை உச்ச நேரத்தோடு ஒப்பிட்டுச் சதவீதமாக்குவது வழக்கம்: மருந்துக்குப் பின் வந்த நேரத்திலிருந்து அடிநிலை நேரத்தைக் கழித்து, அதை உச்ச நேரத்துக்கும் அடிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். உச்ச நேரம் மாறினால் சதவீதமும் மாறும் என்பதால் அதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள்.

எழுதும்போது விலங்காய்வுகளுக்கான அரைவ் வழிகாட்டுநெறியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலும் மறைப்பும் எப்படி நடந்தன என்று அது கேட்கும். ஐந்தாம் படியை ஒழுங்காகச் செய்தவருக்கு அங்கே கைநடுக்கம் வராது. காணொளிகளை இரண்டு இடங்களில் சேமித்து, கோப்பின் பெயரில் எலி இலக்கத்தையும் திகதியையும் மட்டும் போடுங்கள். குழுவின் பெயரைப் போட்டால் அடுத்தமுறை அதை எண்ணப்போகிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.